பத்து நிமிஷம் ஓடும் மிஷின்

செப்டம்பர் 9, சனி

நாட்குறிப்பு எழுதுவது ஞாபகசக்திக்கு நல்லது என்று ஒரு வார இதழில் படித்தேன். அதற்காகத்தான் ஆரம்பிக்கிறேன். வீட்டில் பேச ஆளில்லாமல் எழுதுகிறேன் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். யாரும் படிக்கப்போவதில்லை என்பது வேறு விஷயம்.

முதலில் விவரம். பெயர் தெய்வசிகாமணி. தாலுகா ஆபீசில் ஹெட் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். குன்னூரில் சொந்த வீடு. வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை, அதற்குள் புல் வெட்டும் மிஷின்கள். இந்த ஊரில் பங்களாக்களுக்குப் பஞ்சமில்லை. பங்களா என்றால் முன்னால் புல்தரை, புல்தரை என்றால் ஒரு மிஷின். இரண்டு வருஷம் ஓட்டுவார்கள், ஒரு மழைக்காலம் முழுக்க வெளியில் போட்டுவைப்பார்கள், அப்புறம் "அது செத்துப்போச்சு" என்று கைகழுவிவிடுவார்கள். அப்படிக் கைகழுவிய மிஷினைக் கொண்டுவந்து ஓடவைத்துத் திருப்பிக் கொடுப்பது என் பொழுதுபோக்கு. மெக்கானிக் வேலை எதுவும் படித்தவனில்லை. கழற்றுவேன், துடைப்பேன், மாட்டுவேன். மிச்சம் ஒரு திருகாணி கையில் நின்றால் மறுபடி கழற்றுவேன். பெரும்பாலும் ஓடிவிடும்.

என் மனைவி தமயந்தி ஆடி முடிந்த கையோடு பெங்களூரு போனாள். மகள் சௌம்யாவின் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒரு மாதம் என்றுதான் போனாள். இப்போது சௌம்யா வேலைக்குத் திரும்பப் போகிறாள். அதனால் குழந்தை பள்ளிக்கூடம் போகிறவரை அங்கேதான் என்று முடிவாகிவிட்டது. என்னையும் வரச்சொல்கிறார்கள். இந்த வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, பதினோராவது மாடியில் போய் உட்கார வேண்டுமாம்.

இன்று சாயங்காலம் போனில் கேட்டாள்.

"ஏனுங்க, வர்றீங்களா இல்லையா? ஒரு வார்த்தை சொல்லுங்க."

"கையில ஒரு மிஷின் வேலை இருக்குது. அதை முடிச்சுட்டுச் சொல்றேன்."

"எந்த மிஷின்?"

கொட்டகையில் இருந்த மிஷின்கள் எல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருந்தன. நாளைக்கே எங்காவது ஒன்றைத் தேட வேண்டும்.

செப்டம்பர் 11, திங்கள்

கிடைத்துவிட்டது. மேலே ஒரு பங்களா. சென்னைக்காரர்களுடையது, வருஷத்துக்கு ஒருமுறை வருவார்கள். மாதன்தான் காவல். பின்பக்கம் பேரிக்காய் மரத்தடியில் ஒரு மிஷின் துருப்பிடித்துக் கிடந்தது. வெட்டிய புல் விழுகிற பெட்டிக்குள் ஒரு கோழி உட்கார்ந்திருந்தது.

"மிஷினைத் தாராளமா எடுத்துக்கங்க சார். ஆனா கோழியை எழுப்பக் கூடாது. அடை உக்காந்திருக்கு" என்றார் மாதன்.

"எப்பப்பா எந்திரிக்கும்?"

"இப்பத்தானே உக்காந்திருக்கு. புரட்டாசி பாதி ஆயிரும்."

எனக்கு வந்த சந்தோஷத்தை வெளியே காட்டிக்கொள்ளவில்லை. "அப்படியா, சரி, வேற வழியில்ல" என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தேன். முப்பது வருஷம் ஆபீசில் இருந்தவன். ஒரு ஃபைலை நிலுவையில் வைக்க இதைவிட நல்ல காரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

தமயந்தியிடம் சொன்னேன்.

"ஏனுங்க, மழை மேல பழி போட்டிருக்கீங்க, கரண்டு மேல போட்டிருக்கீங்க, எங்கம்மா மேலகூடப் போட்டிருக்கீங்க. கோழி மேல போடறது இதுதான் முதல் தடவை."

"நீ வேணா மாதனைக் கேளு."

"நான் எதுக்குங்க மாதனைக் கேக்கோணும். நான் உங்களைத்தானே கேக்கறேன்."

செப்டம்பர் 14, வியாழன்

மழை. தோசைமாவு பொங்கி மேடையெல்லாம் வழிந்தது. அவள் இருந்தால் புளித்த மாவு ஊத்தப்பம் ஆகியிருக்கும். நான் ரோஜாச் செடிக்கு ஊற்றினேன்.

செப்டம்பர் 18, திங்கள்

பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டை செய்து பார்த்தேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான். ஒன்றுகூட மூடிக்கொள்ளவில்லை, பூரணம் பூராவும் தண்ணீரில். அதையே பாயசம் என்று சொல்லிப் படைத்தேன். பிள்ளையார் தமயந்தியைப் போலக் கேள்வி கேட்கிற ஆள் இல்லை.

வீடியோவில் குழந்தையைக் காட்டினார்கள். என்னைப் பார்த்துச் சிரித்தது. பின்னால் தமயந்தி பச்சைச் சேலையில் குறுக்கும் நெடுக்கும் போய்க்கொண்டிருந்தாள். குழந்தையைக் கொஞ்சம் நகர்த்தச் சொல்லலாமா என்று பார்த்தேன். சொல்லவில்லை.

செப்டம்பர் 24, ஞாயிறு

கோழியைப் பார்த்துவிட்டு வந்தேன். உட்கார்ந்திருக்கிறது. நல்ல கோழி.

செப்டம்பர் 29, வெள்ளி

குஞ்சு பொரித்துவிட்டது. மாதன் ஆள் அனுப்பினார். கருவிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். குறைந்தது மூன்று வாரத்து வேலை இருக்கும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டபடி குனிந்து பார்த்தால், ஸ்பார்க் பிளக்கின் வயர் கழன்று தொங்கிக்கொண்டிருக்கிறது. அவ்வளவுதான். யாரோ கழற்றியவர்கள் மாட்ட மறந்திருக்கிறார்கள். வயரை மாட்டி, புது பெட்ரோல் ஊற்றி, கயிற்றை ஒரு இழு இழுத்தேன். முதல் இழுப்பிலேயே பிடித்துக்கொண்டது.

மாதனுக்கு வாயெல்லாம் பல். "கைராசி சார் உங்களுக்கு" என்றார். நான் அந்த மிஷினை முறைத்துக்கொண்டு நின்றேன். இப்படி ஒரு துரோகத்தை எதிர்பார்க்கவில்லை.

இன்று தமயந்திக்கு நான் போன் செய்யவில்லை. அவளும் கோழியைப் பற்றி விசாரிக்கவில்லை.

அக்டோபர் 1, ஞாயிறு

கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்தது. மூன்றாவது வீட்டு ஞானமுத்து, பட்டாளத்தில் சுபேதாராக இருந்தவர், தன் மிஷினைத் தானே தள்ளிக்கொண்டு வந்து கொட்டகை வாசலில் நிறுத்தினார். மூன்று பேரிடம் காட்டியாயிற்றாம். எல்லாரும் காயலான் கடையைக் கை காட்டிவிட்டார்களாம்.

"உங்களால முடியலேன்னா சொல்லுங்க சார். கோயமுத்தூர் போறப்ப எடைக்குப் போட்டுருவேன். புல்லு முழங்காலுக்கு வந்திருச்சு. நேத்து உள்ள ஒரு காட்டெருமை படுத்திருந்தது, எனக்கே தெரியல."

"விட்டுட்டுப் போங்க. அவசரப்படுத்தக் கூடாது" என்றேன்.

பார்த்த உடனே தெரிந்தது, இது நிஜமாகவே மோசமான நிலைமை. பழைய பெட்ரோல் டேங்கில் பிசினாக உறைந்திருக்கிறது. கார்புரேட்டருக்குள் எறும்பு மண். கயிறு இழுக்க வரவில்லை. அடிப்பக்கம் காய்ந்த புல் ஒரு சாண் கனத்துக்கு அப்பியிருக்கிறது. நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

அக்டோபர் 8, ஞாயிறு

ஒரு வாரமாக முதுகு ஒடிகிற வேலை. டேங்கைக் கழற்றிக் கழுவினேன், கார்புரேட்டரை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டேன், பிளேடைத் தீட்டினேன், கயிறு புதிது. இன்று மதியம் இழுத்தேன். இருமியது, புகை கக்கியது, பிடித்துக்கொண்டது. அந்த நேரத்தில் மற்றதெல்லாம் மறந்துபோகிறது. செத்ததென்று சொன்னது கைக்கடியில் அதிரும்போது அணைக்க மனசு வராமல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே நிற்பேன். இதை நான் யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை. தமயந்தி மட்டும் சமையலறை ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்து, "உங்க மிஷின் பொழைச்சுக்கிச்சாக்கும்" என்பாள்.

ஒரு வழக்கம் உண்டு. ஓடவைத்த மிஷின் வீட்டைவிட்டுப் போகுமுன் சந்தனமும் குங்குமமும் வைத்து, சக்கரத்தடியில் ஒரு எலுமிச்சம்பழம். இதுவரை அதெல்லாம் அவள் வேலை. கைப்பிடியில் சின்னதாக ஒரு பொட்டு வைத்துவிட்டுப் போவாள். இந்த முறை நானே செய்தேன். செய்கிறதைத் திருந்தச் செய் என்று, சந்தனக் கட்டையை எடுத்து உரைத்து, நல்ல கெட்டியாக வைத்தேன். கைப்பிடியில் வைத்தால் கை பட்டு அழியும் என்று யோசித்து, டேங்க் மூடியில் வைத்தேன். மூடி கறுப்பாக, வட்டமாக, நடு உச்சியில் இருக்கிறது. பொட்டு வைப்பதற்கென்றே செய்த இடம்.

நாளைக்குக் காலையில் சுபேதாரிடம் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்துவிட்டால் கையில் வேலை இல்லை.

அக்டோபர் 9, திங்கள்

மிஷின் பத்து நிமிஷம் ஓடி நின்றுவிட்டது.

சுபேதாரின் புல்தரையில் கால்வாசி முடிந்திருக்கும். இழுத்தேன், வரவில்லை. பெட்ரோல் தீர்ந்ததா என்று மூடியைத் திறந்து பார்த்தால் டேங்க் முக்கால். மூடிவிட்டு இழுத்தேன். ஓடியது. மறுபடி பத்து நிமிஷம், மறுபடி நின்றது. திறந்தேன், பார்த்தேன், மூடினேன், ஓடியது. நின்றது.

"என்ன சார், நம்ம பட்டாளத்துக் கவாத்து மாதிரி நடக்குது, நிக்குது" என்றார் சுபேதார்.

"ஒரு சின்னக் கோளாறு. பாத்துக்கலாம்" என்று திரும்பத் தள்ளிக்கொண்டு வந்தேன். வருத்தமாகத்தான் இருந்தது. வழியில் விசில் அடித்தேனாம், சுபேதார் சொல்கிறார். எனக்கு ஞாபகமில்லை.

அக்டோபர் 14, சனி

பிளக் மாற்றியாயிற்று. ஏர் ஃபில்டர் மாற்றியாயிற்று. கார்புரேட்டரை மூன்றாம் தடவை கழுவியாயிற்று. பத்து நிமிஷம். அதற்கு மேல் ஒரு அடி நகர மாட்டேன் என்கிறது.

ஏதாவது தெய்வக் குற்றமோ என்றும் ஒரு யோசனை. அதனால் ஒவ்வொரு தடவை கிளப்புமுன்னும் சந்தனம் புதுசாக வைக்கிறேன். பழையதைச் சுரண்ட மனசு வரவில்லை, அதன்மேலேயே வைக்கிறேன். இப்போது அது பார்க்கவே லட்சணமாக இருக்கிறது.

அக்டோபர் 16, திங்கள்

சௌம்யா கூப்பிட்டாள். நம் வீட்டுக்கு ஒரு டாக்டர் குடும்பம் வாடகைக்குக் கேட்கிறார்களாம். நல்ல மனிதர்களாம். கொட்டகையில் மிஷின் இருந்தாலும் பரவாயில்லையாம். தீபாவளிக்குள் பதில் சொல்ல வேண்டும், இல்லையென்றால் அவர்கள் வேறு வீடு பார்த்துவிடுவார்கள்.

"அப்பா, நீங்க வரலேன்னா வரலேன்னு சொல்லிடுங்க. அம்மா தினமும் ரெண்டு டம்ளர்ல காபி எடுத்து வெக்கறாங்க, அப்புறம் ஒண்ணை அவங்களே குடிக்கறாங்க. கேட்டா பழக்கதோஷம்ங்கறாங்க."

"இங்க நெட்வொர்க் சரியில்ல சாமி" என்று வைத்துவிட்டேன்.

நெட்வொர்க் நன்றாகத்தான் இருந்தது.

அக்டோபர் 17, செவ்வாய்

இன்று சமைக்கவில்லை. பசியில்லை.

அக்டோபர் 23, திங்கள்

ஆயுத பூஜை. வழக்கப்படி எல்லாவற்றையும் கழுவித் துடைத்து வரிசையாக வைத்தேன். ஸ்பேனர்கள், அரம், இடுக்கி, அருவாமனை, தமயந்தியின் தையல் மிஷின். நடுநாயகமாக சுபேதார் வீட்டு மிஷின், கழுத்தில் சாமந்தி மாலையோடு. பொரி கடலை படைத்து, சூடம் காட்டி, வீடியோவில் அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கும்பிட்டாள். அப்புறம் கண்ணைத் திறந்து, "கொஞ்சம் கிட்டக் காட்டுங்க" என்றாள்.

"எதை?"

"அந்த மிஷினைத்தான். அது என்னங்க மூடி மேல, அடை தட்டி வெச்சிருக்கீங்களா?"

"சந்தனம்."

"இம்புட்டா? அந்த மூடியில ஓட்டை கீட்டை ஒண்ணும் இல்லீங்களா?"

"மூடியில எதுக்கு ஓட்டை? மூடின்னா மூடறதுக்குத்தான்" என்றேன்.

"எண்ணெ டின்னுல ஒரு பக்கம் மட்டும் குத்தினா எண்ணெ வருமாங்க? அந்தப் பக்கமும் ஒரு ஓட்டை போட்டு காத்து உள்ள போனாத்தான ஊத்தும். மூடியைத் தொறந்து மூடினா ஓடுதுன்னு சொன்னீங்கல்ல? தொறக்கறப்ப காத்து போகுது. மூடினா உங்க சந்தனம் அடைச்சுக்குது."

நான் சிரித்தேன். இது எண்ணெய் டின் இல்லை, இன்ஜின் என்று விளக்கினேன். அவள் "சரிங்க, உங்களுக்குத் தெரியாததா" என்றாள். அந்த வார்த்தையை அவள் எப்போது சொல்வாள் என்று எனக்குத் தெரியும்.

அக்டோபர் 24, செவ்வாய்

விஜயதசமி. ஊசியால் சந்தனத்தைக் குத்தி எடுத்துப் பார்த்தேன். மூடியின் நட்டநடுவில், குண்டூசி நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை.

மூடியைத் தேய்த்துக் கழுவி மாட்டினேன். சுபேதாரின் புல்தரை முழுக்க வெட்டினேன். பிறகு ஓரங்கள். பிறகு அவர் கேட்காமலேயே பக்கத்து வீட்டு வாசல். நிற்கவே இல்லை. சுபேதார் விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார். "முகத்தை ஏன் சார் இப்படி வெச்சிருக்கீங்க, ஓடுதுல்ல?" என்று கேட்டார்.

நானே அடைத்த ஓட்டையை நானே தேடி இரண்டு வாரம் அலைந்திருக்கிறேன். இதை யாரிடம் சொல்ல.

சாயங்காலம் தமயந்தி கேட்டாள். "என்னாச்சுங்க, ஓட்டை இருந்துச்சா?"

"இருந்தது. ஆனா கோளாறு அது இல்ல. இன்னும் நிக்குது."

என் வாய் சொல்லிவிட்டது. நான் யோசித்துச் சொல்லவில்லை.

அக்டோபர் 26, வியாழன்

"இன்னும் நிக்குதுங்களா?" "நிக்குது."

அக்டோபர் 28, சனி

மாட்டிக்கொண்டேன்.

மிஷின் சுபேதாரிடமே இருக்கிறது. நான் வாசலில் உட்கார்ந்து தமயந்தியிடம், புது கார்புரேட்டர் கோயம்புத்தூரிலிருந்து வர வேண்டும், சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன் என்று அளந்துகொண்டிருந்தபோது, மூன்றாவது வீட்டில் சுபேதார் அதைக் கிளப்பினார்.

"அது என்னங்க சத்தம்?"

"மழை."

"மழை பெட்ரோல்ல ஓடுதுங்களா?"

சுபேதார் தரையின் அந்தக் கோடி வரை போய்த் திரும்பி வந்தார். அது முழுக்க அவளுக்குக் கேட்டிருக்கும். சுத்தமான ஓட்டம்.

"ஏனுங்க" என்றாள். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் சமாளித்திருப்பேன். "உங்களுக்கு வர இஷ்டமில்லீன்னா இஷ்டமில்லீன்னு சொல்லிருங்க. நான் பாட்டுக்கு இருந்துக்கறேன். டாக்டர்கிட்டயும் சொல்லிடலாம். மிஷின் பேரைச் சொல்லிச் சொல்லி என்னைக் காக்க வெக்காதீங்க. நான் ஒண்ணும் உங்க ஆபீஸ் வாசல்ல மனுவோட நிக்கலீங்களே."

வைத்துவிட்டாள்.

அக்டோபர் 29, ஞாயிறு

போன் வரவில்லை.

அக்டோபர் 30, திங்கள்

வரவில்லை. நான் இரண்டு தடவை போட்டேன். சௌம்யா எடுத்து, அம்மா குளிக்கிறாள் என்றாள். அப்புறம், அம்மா தூங்குகிறாள் என்றாள். என் மகளுக்குப் பொய் சொல்ல வராது. என்னிடமிருந்து அது மட்டும் போகவில்லை.

நவம்பர் 2, வியாழன்

இந்த நோட்டில் இதுவரை எழுதியதைப் புரட்டிப் பார்த்தேன். கார்புரேட்டர் என்று எத்தனை இடத்தில் எழுதியிருக்கிறேன். சரி, யாரும் படிக்கப்போவதில்லை. எழுதிவிடுகிறேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது. அங்கே நான் யார்? இங்கே கடைத்தெருவுக்குப் போனால் நாலு பேர் நிறுத்தி மிஷினைப் பற்றிக் கேட்கிறார்கள். அங்கே மாப்பிள்ளை வீட்டுச் சோபாவில், செய்தித்தாளை இரண்டு தடவை படித்துக்கொண்டு, குழந்தை தூங்குகிறது சத்தம் போடாதீர்கள் என்று சொல்லக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு கிழவன். பெண்ணைக் கட்டிக் கொடுத்த வீட்டில் விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று எங்கப்பா சொல்வார். பதினோராவது மாடியில் மண் எங்கே இருக்கிறது, நான் கையை எங்கே வைப்பேன்?

இது ஒரு பயம். இன்னொரு பயமும் இருக்கிறது. இந்த வீட்டில் சாயங்காலம் விளக்கைப் போடும்போது வருகிறது. இரண்டில் எது பெரிது என்று இத்தனை நாள் பார்க்காமலே இருந்துவிட்டேன். மிஷின் சத்தத்தில் கேட்கவில்லை.

நவம்பர் 4, சனி

இன்று காலை ஒரு சோதனை. பழைய பங்களா ஒன்றைக் காலி செய்கிறார்களாம். அங்கிருந்து ஒருவர் ஆட்டோவில் ஒரு மிஷினை ஏற்றிக்கொண்டு விசாரித்து வந்தார். இன்ஜின் இல்லாத, கையால் தள்ளுகிற அந்தக் காலத்து உருளை மிஷின். முறுக்கிய பிளேடுகள், மரக் கைப்பிடி, பக்கவாட்டில் பித்தளைத் தகடு. எல்லாப் பக்கமும் துரு. உருளை இறுகிப்போயிருக்கிறது. பத்து வருஷமாகத் தேடியும் எனக்குக் கிடைக்காத ஜாதி.

"யாரும் எடுத்துக்க மாட்டேங்கறாங்க சார். பழைய இரும்புக்கடைதான்னாங்க. நீங்க ஒருத்தர் பாப்பீங்கன்னு சொன்னாங்க."

தொட்டுப் பார்த்தேன். கை துறுதுறுத்தது. குளிர்காலம் முழுக்க இதற்குப் போதாது. சிவராத்திரி வரை யாரும் என்னை ஒரு கேள்வி கேட்க முடியாது. குனிந்து உருளையைத் திருப்பிப் பார்த்தேன். ஒரு நூல் அளவு அசைந்தது.

"கொண்டுபோயிருங்க" என்றேன்.

"முடியாதுங்களா?"

"முடியும். நான் ஊருக்குப் போறேன்."

"எந்த ஊருக்கு?"

"என் சம்சாரம் இருக்கற ஊருக்கு."

அவர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போகும்வரை நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தேன். ஒரு தடவை.

உள்ளே வந்து போன் போட்டேன். அவளே எடுத்தாள்.

"நான் வர்றேன்" என்றேன்.

"இப்ப எந்த மிஷின் முடியோணும்?"

"மிஷின் எதுவும் இல்ல. ஒண்ணு வந்துது, திருப்பி அனுப்பிட்டேன். நீ இல்லாம இருக்க முடியல தமயந்தி. அதுதான் விஷயம்."

கல்யாணமான நாளிலிருந்து இப்படி ஒன்றை நான் சொன்னதில்லை. சொல்லி முடித்ததும் காது சூடாகிவிட்டது. அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது. அவள் அதை அணைக்கப் போகவில்லை. இன்னொரு விசிலும் அடித்தது.

"தீபாவளிக்கு முந்தி வந்துருங்க" என்றாள். "வர்றப்ப பேக்கரியில வர்க்கி வாங்கிட்டு வாங்க. பழசைத் தலையில கட்டிருவாங்க, பாத்து வாங்குங்க."

நவம்பர் 9, வியாழன்

டாக்டர் குடும்பத்துக்குச் சரி என்று சொல்லியாயிற்று. கொட்டகை மிஷின்களை அவரவரிடம் தள்ளிவிட்டேன். கருவிப்பெட்டியை சுபேதாரிடம் கொடுத்தேன்.

"திரும்பி வந்தாக் கேப்பீங்கல்ல சார்?"

"வெச்சுக்கங்க. அங்க அதுக்கு வேலை இல்ல."

சுபேதார் பெட்டியை வாங்கிக் கீழே வைத்தார். கட்டிப்பிடித்துக்கொண்டார். பட்டாளத்துப் பிடி, விலா வலிக்கிறது.

நவம்பர் 11, சனி

பெங்களூரு. ராத்திரி பஸ், விடிந்ததும் இறங்கினேன். அடுக்குமாடிக் கட்டடத்தின் கேட்டில் தமயந்தி ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நின்றிருந்தாள். இளைத்திருக்கிறாள். "இளைச்சுட்டீங்க" என்று அவள் முந்திக்கொண்டாள். லிஃப்டில் போகும்போது என் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டாள்.

மேலே எல்லாரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். பையைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். வர்க்கி, வேட்டி, மாத்திரை, குழந்தைக்குக் கம்பளித் தொப்பி. பையைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தாள்.

"ஸ்பேனர் பெட்டி எங்கீங்க?"

"சுபேதார்கிட்டக் குடுத்துட்டேன்."

"எதுக்கு?"

"இங்க என்ன வேலை அதுக்கு?"

எழுந்து சமையலறைக்குள் போனாள். காபி கலக்க இவ்வளவு நேரம் ஆகாது. இரண்டு டம்ளர்களோடு வந்தபோது மூக்கு சிவந்திருந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கீழ பேஸ்மெண்ட்ல, ஜெனரேட்டருக்குப் பின்னாடி, நாலு மிஷின் கெடக்குதுங்க" என்றாள்.

"என்ன மிஷின்?"

"புல்லு வெட்டறதுதான். இந்தக் கட்டடத்தைச் சுத்தி எம்புட்டு புல்லுன்னு வர்றப்பப் பாக்கலியா? எல்லாம் ரிப்பேராயிருச்சுன்னு போட்டுட்டு, இப்ப ஆள் வெச்சு வெட்டறாங்க. செகரெட்டரிகிட்டப் பேசிட்டேன். யாரு வேணாலும் பாக்கலாம்னாரு."

"நீ எப்பப் பாத்தே?"

"நான் வந்த மறுநாளே."

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. "ஆவணியிலயேவா? அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

"சொல்லியிருந்தா அடுத்த பஸ்ல வந்திருப்பீங்க. அது எனக்குத் தெரியாதுங்களா? மிஷினைப் பாக்க வந்திருப்பீங்க." காபியை ஒரு வாய் குடித்தாள். "என்னைப் பாக்க வர்றீங்களான்னு நான் தெரிஞ்சுக்கோணும்ல."

மூன்று மாதம். கோழி, கார்புரேட்டர், மழை என்று நான் அளந்ததையெல்லாம் கேட்டுக்கொண்டு, அந்த ஒரு வார்த்தையை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். மாப்பிள்ளை எழுந்து வந்தால் என்ன நினைப்பார் என்று தோன்றியது. விடவில்லை.

"போய்ப் பாத்துட்டு வாங்க" என்றாள். "காலு பரபரங்குது, தெரியுது. லிஃப்ட்ல மைனஸ் ஒண்ணு அமுத்துங்க. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்."

"காபி ஆறிரும்" என்றேன்.

குடித்து முடித்தோம். இன்னும் கொஞ்சம் இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது.